தீக்குச்சி மரியாதை

"கையால ஆட்டாதீக. வாயால ஊதுங்க" என்கிறார் சதக்கத்துல்லா.

எதிரில் நிற்கும் பெரியவர் பீடியைப் பல்லில் கடித்தபடி, கடையின் பந்தல் காலில் தொங்கும், நுனியில் கங்கு கனியும் தேங்காய்நார்க் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஆட்டினாலும் சாம்பல் உதிரும், கங்கு சிவக்கும், பீடி பற்றும். ஊரெல்லாம் அப்படித்தான் பற்ற வைக்கிறார்கள். இந்தக் கடையில் மட்டும் அது செல்லாது. ஆட்டக் கூடாது, துண்டால் வீசக் கூடாது, கடற்காற்று வரட்டும் என்று கயிற்றைத் திருப்பிப் பிடித்துக் காத்திருக்கவும் கூடாது. ஊத வேண்டும். அதுவும் கடைக்காரர் பார்க்க ஊத வேண்டும். பெரியவர் முனகிக்கொண்டே பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, கன்னத்தை உப்ப வைத்து ஊதுகிறார். சதக்கத்துல்லாவின் கண் பீடியிலும் இல்லை, வர வேண்டிய சில்லறையிலும் இல்லை. கயிற்றின் நுனியில் இருக்கிறது.

"ம்" என்கிறார். அவ்வளவுதான். பெரியவர் புகையை விட்டுக்கொண்டு போகிறார். அந்த "ம்" பாஸா பெயிலா என்று பெரியபட்டினத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

சங்கு குளிக்கப் போகும் வள்ளங்கள் கரை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பூவரச மரத்தை ஒட்டி இருக்கிறது அந்தப் பெட்டிக்கடை. பீடி, சுருட்டு, வெற்றிலை பாக்கு, பிள்ளைகளுக்குப் பெப்பர்மிட்டு. இவற்றுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியும் கட்டம்போட்ட கைலியுமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. பல்வலிக்கு என்று சொல்லுவார். அந்தப் பல் வரிசையைப் பார்த்தால் வலி என்ற ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகவே தெரியாது. புகையிலை வந்து இறங்கினால் ஒவ்வொரு கட்டையும் முகர்ந்த பிறகுதான் உள்ளே வைப்பார். ஆனால் ஒரு பீடியை அவர் தம் வாயில் வைத்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "எனக்கு மூக்குதான் மொதலு. புகைய விட்டேன்னா மூக்கு செத்துப்போகும்ல" என்பார்.

"ஊதுங்க" என்கிற இந்தச் சட்டம் போன வருஷம் வந்தது. அதற்கு முன்னால் அவர் இப்படி இல்லை. அப்போது கயிறு சாதாரண ஜனங்களுக்கு, மேல்மட்டத்துக்குத் தீப்பெட்டி. வயதான ஒருவரோ நெருங்கிய சிநேகிதரோ வந்து நின்றால் சதக்கத்துல்லா இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுப்பார். தாமே உரசி, இரண்டு உள்ளங்கையாலும் காற்றை மறைத்து, விருந்தாளிக்குச் சர்பத் நீட்டுவது போல நீட்டுவார். தொடக்கத்தில் இதில் மரியாதை ஒன்றும் கிடையாது. கயிற்றை ஊதி ஊதி அவர்கள் தவிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. "சதக்கத்துல்லா காக்கா எனக்குக் குச்சி கிழிச்சுக் குடுத்தாரு" என்று வீட்டில் போய்ப் பெருமை பேசிய ஆட்கள் உண்டு. கல்யாண வீட்டில் இரண்டு பேருக்குச் சண்டை முற்றியபோது, "நீ என்னலே பெரிய மனுசன்? ஒனக்கு இன்னும் கயிறுதானே" என்று ஒருவர் கேட்க, மற்றவர் வாயடைத்துப் போனாராம். பெரியபட்டினத்தில் ஒரு மனிதன் பெரிய மனிதனாகிவிட்டான் என்பதற்கு சதக்கத்துல்லாவின் தீக்குச்சிதான் அத்தாட்சி என்று ஆகிப்போயிற்று. அவரும் நாளடைவில் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அந்த மரியாதையை அதிக காலம் அனுபவித்தவர் தையல்காரர் ஹமீது சுல்தான். இருவரும் ஒரே ஓதுகிற பள்ளியில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். கடைக்கு எதிரே மெஷின் போட்டிருந்தார். மெஷின் சத்தம் நின்றால், இதோ வருகிறார் என்று சதக்கத்துல்லாவின் கை தானாகத் தீப்பெட்டிக்குப் போகும். கடைசி வருஷம் ஹமீது சுல்தானால் தெருவைக் கடக்க முடியவில்லை. கடைசி மாதங்களில் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவும் பகலும் கிடந்தார். பார்க்கப் போன சதக்கத்துல்லாவிடம், "சதக்கு, காத்து உள்ள போயிருது... வெளிய வரமாட்டேங்குது" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதைத் தவிர சதக்கத்துல்லாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் இறந்ததும் ஜனாஸாவைச் சுமந்து போய், மையவாடியில் மண் போட்டுவிட்டு வந்து, கடையைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. பழக்கத்தில் கை இடுப்புக்குப் போய்த் தீப்பெட்டியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே ஒரு நினைப்பு வந்து அவர் கையை நிறுத்திவிட்டது. ஹமீது சுல்தானுக்கு முன்னால் இந்தக் குச்சி யார் யாருக்குப் போயிற்று? கொத்தனாருக்கு. வள்ளக்கார மரைக்காயருக்கு. அபிராமத்திலிருந்து வண்டி ஓட்டி வந்த சோணைமுத்துவுக்கு. ஒவ்வொருவரும் இருமி இருமி, இதே போல உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தவர்கள். சோணைமுத்துவை அவன் ஊர்ச் சுடுகாட்டில் எரித்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் இப்போதுதான் அவர் மண் போட்டுவிட்டு வந்த அதே மையவாடியில் கிடந்தார்கள்.

தீக்குச்சி யாரையும் கொல்லாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் கயிற்றைச் சிவக்க வைக்க முடியாமல் போன அன்றே அவர்கள் நெஞ்சுக்குள் ஏதோ தொடங்கிவிட்டிருந்தது. இருமல் வருவதற்கு முன்னால், இளைப்பு வருவதற்கு முன்னால், அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிவதற்கும் முன்னால் அதைப் பார்த்தவர் அவர்தான். பார்த்துவிட்டுக் குச்சியை உரசி மூடி மறைத்தவரும் அவர்தான். சதக்கத்துல்லா பயந்துபோனார். அன்றைக்கு மாலை அஸர் தொழுகையில் மனம் நிற்கவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

அந்தப் பயம் ஆறுவதற்குள் மஹ்மூது வந்தான்.

மஹ்மூது அவருடைய மனைவி சித்தி ஜுனைதாவின் தம்பி. உம்மா இல்லாத பிள்ளையாக அக்காள் மடியில் வளர்ந்தவன். இன்னும் நாற்பது ஆகவில்லை. சங்கு குளிப்பதில் அந்தக் கரையிலேயே அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. அவன் கல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினால், வள்ளத்தில் இருப்பவர்கள் ஒரு வெற்றிலையை மடித்து, மென்று, துப்பிவிட்டு எட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் தலை தெரியும். இறங்குவதற்கு முன் ஒரு பீடி, ஏறிய பிறகு ஒரு பீடி. குளியாட்கள் எல்லோருக்குமே அந்த வழக்கம் உண்டு. "நெஞ்சுல சூடு இருந்தாத்தான் மச்சான், கடல் நம்மள உள்ள விடும்" என்பான். முதல் பீடியை அவன் வாங்கியது மச்சான் கடையில்தான்.

அன்று தலையில் ஈரம் சொட்ட வந்து நின்றான். பீடியைக் காதில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஊதினான். சாம்பல் அசையவில்லை. மறுபடி ஊதினான். ஓரத்தில் கொஞ்சம் சிவந்து, உடனே கறுத்தது. சதக்கத்துல்லாவின் கை இடுப்புக்குப் போய்விட்டது. பெட்டியைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"கயிறு நமத்துப்போச்சு மச்சான்" என்று சிரித்தான் மஹ்மூது. கயிற்றை நாலு ஆட்டு ஆட்டி, பற்ற வைத்துக்கொண்டு போனான். அவனுக்குச் சற்று முன்னால் வந்த ஒரு நோஞ்சான் இளைஞன் அதே கயிற்றை ஒரே ஊதலில் சிவக்க வைத்திருந்தான்.

சொல்லிப் பார்த்தார். "ஒனக்கு ஊதுறது குறைஞ்சிருக்குலே" என்றார். மஹ்மூதுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யாருக்கு, எனக்கா? வள்ளத்துல வந்து பாருங்க மச்சான், எம்புட்டு நேரம் உள்ள கெடக்கேன்னு" என்றவன், கடை வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டினான். நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து அவன் மூச்சை விட்டபோது கைதட்டினார்கள். ஊரும் அவன் பக்கம்தான். மூச்சைப் பிடித்து நிறுத்துகிறவனுக்குத்தான் நெஞ்சு உரம் என்பது அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற கணக்கு. சதக்கத்துல்லாவுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரனுக்கு என்ன தெரியும், கயிறு நிஜமாகவே நமத்திருந்தால்?

தொட்டுப் பார்த்தார். காய்ந்த கயிறு. அதன் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர், யோசித்து யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்தார். தமக்கே நெஞ்சு என்னவோ செய்கிறது, ராமநாதபுரத்து டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். மஹ்மூது மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைய கடலை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மச்சானைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றினான். வழிநெடுக, "வலிக்குதா மச்சான், தண்ணி குடிக்கிறீகளா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். சதக்கத்துல்லாவுக்கு நிஜமாகவே நெஞ்சு வலிப்பது போல இருந்தது.

டாக்டர் வீரபத்திரன் அபிராமத்துப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. படித்து வந்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் வைத்தியம் பார்க்கிறார். சதக்கத்துல்லா முதலில் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். கயிற்றுக் கதையைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்குமே பார்த்துடுவோம்" என்றார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. அடுத்த தெருவில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். இருவர் படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. "பாத்தீகளா மச்சான், ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. வாங்க போவோம்" என்று எழுந்தான் மஹ்மூது.

"இரு" என்றார் டாக்டர். மேஜையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசி, சதக்கத்துல்லாவின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "வாயை நல்லாத் திறந்துக்கிட்டு ஊதுங்க. உதட்டைக் குவிக்கக் கூடாது." ஊதினார். அணைந்தது. அடுத்த குச்சியை மஹ்மூதின் முன்னால் பிடித்தார். அவன் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினான். சுடர் சாய்ந்தது, சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து நின்றது. அவனுடைய உதடு தானாகக் குவிந்தது. "குவிக்காதே" என்றார் டாக்டர். மீண்டும் ஊதினான். சுடர் மீண்டும் சாய்ந்து நிமிர்ந்தது. குச்சி எரிந்து டாக்டரின் விரலைத் தொட, அவர் உதறி அணைத்தார்.

"மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கிறதுல நீ கெட்டிக்காரன், ஒத்துக்கிறேன். இது வேற" என்றார் டாக்டர். "நெஞ்சுக்குள்ள காத்துப் போற குழாய் கிளை கிளையாப் பிரிஞ்சு, கடைசியில நூல் கனத்துக்கு ஆயிடும். பீடிப்புகை முதல்ல கெடுக்கிறது அந்த நூல் குழாயைத்தான். அது சுருங்கிப்போனா, போன காத்து சட்டுனு வெளியே வராது. படத்துல அது தெரியறதில்லை. குழல்லயும் கேக்கிறதில்லை."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர்."

"செய்யாது. அதான் இதுல உள்ள மோசம். இப்ப விட்டா இதோட நிக்கும், கொஞ்சம் திரும்பவும் செய்யலாம். விடலைன்னா படத்துல தெரியிற காலம் வரும். அப்ப நீ என்கிட்ட வந்தா, என்னால படத்தைத்தான் காட்ட முடியும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மஹ்மூது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான். "நெஞ்சு வலின்னது பொய்யா மச்சான்?"

"பொய்தான்."

"சரி. பீடி ஆகாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் கடையத் தெறப்பீகளா?"

சதக்கத்துல்லாவுக்கு வேறு தொழில் தெரியாது, கடலில் இறங்கிப் பழக்கமில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மறுநாள் கடையைத் திறந்தார். பீடியும் விற்றார். தீப்பெட்டியை மட்டும் சித்தி ஜுனைதாவிடம் கொடுத்து, அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். என்ன ஏது என்று அவள் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். அவள் தீப்பெட்டியை அடுப்படியில் வைத்தாள். பிறகு, "அவனுக்கு மொதப் பீடி யாரு குடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று தொடங்கியதுதான் "ஊதுங்க" சட்டம். தீப்பெட்டி மரியாதையை இழந்த பெரிய மனிதர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பொடியன்களோட சேந்து நானும் கயித்த ஊதணுமோ?" என்று கேட்டுவிட்டு வேறு கடை தேடிப் போனவர்கள் உண்டு. ஊதிச் சிவக்கவில்லை என்றால் சதக்கத்துல்லா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வரச் சொல்லி, தாழ்ந்த குரலில் டாக்டரின் இடத்தைச் சொல்லுவார். பீடி விற்கிறவன் வாயால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று திட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றிரண்டு பேர் ராமநாதபுரம் பஸ் ஏறியிருக்கிறார்கள். அவருக்கு அது போதவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒருவனைத்தான், அவன் வரவில்லை.

வள்ளம் கரை சேர்ந்தால் மஹ்மூது கடைப் பக்கம் ஏறாமல், பனங்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அக்காள் வீட்டுக்கும் வரவில்லை. வேறு கடையில் வாங்கிக் குடிக்கிறான் என்றார்கள் சிலர். குடிப்பதைப் பார்க்கவில்லை என்றார்கள் சிலர். நோன்பு வந்து, பெருநாளும் போயிற்று. பெருநாளைக்குக்கூட வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சித்தி ஜுனைதா அவனுக்கென்று எடுத்து வைத்த பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் மாலைவரை மூடியபடியே இருந்தது. கடையில் சதக்கத்துல்லா ஒவ்வொரு வள்ளம் வரும்போதும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். பிறகு யாராவது வந்து கயிற்றைப் பிடிப்பார்கள். "ஊதுங்க" என்பார்.

போன வாரம், அஸர் தொழுதுவிட்டு வந்து அவர் கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், மணலில் ஏறி வந்தான் மஹ்மூது. தலையில் ஈரம் சொட்டியது. கடையில் வேறு யாரும் இல்லை. பீடி கேட்கவில்லை. கையும் காலியாக இருந்தது. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சதக்கத்துல்லா எழுந்து, பந்தல் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்து, தாமே அதன் நுனியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். மஹ்மூது வாயை அகலமாகத் திறந்தான். உதட்டைக் குவிக்காமல், டாக்டர் சொன்னபடி ஊதினான். சாம்பல் பாதி பறந்தது. கங்கு ஒரு பக்கம் சிவந்தது, மறுபக்கம் கறுப்பாகவே இருந்தது.

"கயிறு நமத்திருக்கா மச்சான்?"

"இல்ல. கயிறு நல்லாத்தான் இருக்கு."

மஹ்மூது தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை.

"விட்டுட்டியாலே?" என்று கேட்டார் சதக்கத்துல்லா.

"நோம்புல பகல் முச்சூடும் இருக்கோம்ல மச்சான். அந்த மாதிரி ஒவ்வொரு நாளா இருந்து பாக்கேன். நாளைக்கு என்னன்னு நாளைக்குத்தான் தெரியும்" என்றான். பிறகு தயங்கி, அக்காள் வீட்டுப் பக்கம் பார்த்து, "லாத்தாட்ட சொல்லாதீக, இப்ப வேணாம்" என்றான்.

சதக்கத்துல்லா கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை. மஹ்மூதின் முகத்துக்கு எதிரிலிருந்து அதை டாக்டர் குச்சியைப் பிடித்த மாதிரியே ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, மறுபடி ஊதட்டும் என்று கை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.